டிசம்பரில் எங்களோடு இருந்தவர்களுக்கு

எடிசனிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருக்கும் நண்பர்களுக்கும், பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மே முதல் தேதிக்குள் ஏதாவது ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது இங்கே அமெரிக்காவில் உள்ள வழக்கம். எங்கள் இரட்டையர் இருவருக்கும் கட்டிவிட்டோம். மகன் ரட்கர்ஸில் சேர்கிறான். மகள் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போகிறாள். இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் பலருக்குக் கடன்பட்டுவிட்டோம். நேரில் நன்றி சொல்லப் போனால் ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ‘எர்லி டிசிஷன்’ என்ற முறையில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர்வதாக மாணவர், பெற்றோர், பள்ளியின் கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) ஆகிய மூவரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நிச்சயதார்த்தம் மாதிரிதான், ஆனால் நம் பக்கத்துத் தட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம், டிசம்பர் நடுவில் பதில். இடம் உண்டு, இல்லை என்ற இரண்டைத் தவிர ‘ஒத்திவைக்கிறோம்’ என்று மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. அப்படி வந்தால் விண்ணப்பம் பொதுச் சுற்றுக்குத் தள்ளப்படும். மார்ச் கடைசி வாக்கில்தான் முடிவு தெரியும். நாம் கொடுத்த வாக்குறுதி அத்துடன் ரத்தாகிவிடும். ஆசை ரத்தாவதில்லை.

மகனுக்கு ‘இல்லை’ வந்தது. அதே வாரத்தில் மகளுக்கு ‘ஒத்திவைப்பு’ வந்தது. கேள்விப்பட்டவர்கள் அவனுக்கு அனுதாபமும் அவளுக்குப் பாதி வாழ்த்தும் சொன்னார்கள். வீட்டுக்குள் நடந்தது நேர்மாறு. அவன் சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். பிறகு பசிக்கிறது என்று எழுந்து வந்தான், மிச்சக் கட்டுரைகளை எழுத உட்கார்ந்தான். அவளோ மற்ற கல்லூரிகளுக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும் அந்த ஒரு கல்லூரியை நினைத்துக்கொண்டே எழுதினாள். முடிவில் மார்ச்சில் அவளுக்கும் ‘இல்லை’ என்றுதான் வந்தது. அதற்குள் அவள் களைத்துப்போயிருந்தாள், அழக்கூட இல்லை.

பள்ளியின் கவுன்சிலர் அம்மையாருக்கு முதல் நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது, மகள் படித்துச் சொல்வாள். டிசம்பர் பதிலுக்கும் ஜனவரி முதல் வாரக் கெடுவுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். அதில் பெரும்பகுதி கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விடும். பள்ளி அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியலும் பரிந்துரைக் கடிதங்களும் விடுமுறைக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். அவர் பொறுப்பில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க, எங்கள் பிள்ளைகள் இருவரையும் தானே கூப்பிட்டு உட்காரவைத்துப் பட்டியலைத் திருத்தி, பள்ளி மூடுவதற்குள் எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். ‘இன்னமும் உங்கள் கல்லூரியில் சேரவே விரும்புகிறேன்’ என்று ஒத்திவைத்த கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதும் வழக்கம் உண்டு. அதை அன்றிரவே எழுதி அனுப்பத் துடித்த மகளை அவர்தான் தடுத்தார். சில கல்லூரிகள் அந்தக் கடிதத்தைக் கேட்கும், சில வேண்டாம் என்று சொல்லிவிடும். முதலில் அதைப் படி என்றார். எழுதுவதாக இருந்தால் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், நவம்பருக்குப் பிறகு நீ புதிதாகச் செய்ததைச் சொல், கெஞ்சாதே என்றார். என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார்: “ஒத்திவைப்பைப் பாதி வெற்றி என்று வீட்டில் பேசாதீர்கள். இரண்டு பிள்ளைகளுமே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.” எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் உருப்படியானது இதுதான்.

பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆங்கில ஆசிரியருக்கும், கட்டுரைகளைப் படித்துக் குறை சொன்ன நூலகத்துத் தன்னார்வலருக்கும் நன்றி.

பாளையங்கோட்டைத் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செய்தி தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மார்க்கில் போயிற்று?” நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை என்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். தரவரிசையும் வந்துவிடும். அரை மார்க்கில் இடம் போனவர்கள் அந்த அரை மார்க்கை ஆயுள் முழுக்கச் சொல்லி அங்கலாய்க்கலாம். இங்கே அந்த அரை மார்க் கூடக் கிடையாது. ஏன் இல்லை என்று ஒரு வரி சொல்ல மாட்டார்கள். கட்-ஆஃப் பார்த்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இது பொறுக்கவே முடியாத விஷயம். எங்கே தவறினோம் என்று தோண்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். தாத்தா தாலுகா அலுவலகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். பேரனை வீடியோவில் கூப்பிட்டு, வந்த கடிதத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லித் தமிழில் அர்த்தம் கேட்டார். கடைசியில், “காரணம் போடாத உத்தரவு இது. இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். எழுதியவனுக்கே காரணம் தெரியாது. நீ ஏன் தேடுகிறாய், அடுத்த மனுவைப் போடு” என்றார். பேரன் சிரித்த சத்தம் சமையலறை வரை கேட்டது. மாமா, உங்களுக்கு என் நமஸ்காரம். அன்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் பேரனையே பார்த்துக்கொண்டிருந்த ஆச்சிக்கும்தான்.

மார்கழி பிறந்த நேரம் அது. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்களே என்று நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா விடியற்காலையில் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார், ஏறு என்றார். கோயிலில் யார் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தாலும், “அதை விடுங்கள், இவளுக்கு மூட்டு வலி, நல்ல தைலம் ஏதாவது தெரியுமா?” என்று திருப்பிவிட்டார். எனக்கு மூட்டு வலியே கிடையாது. இப்போது வீட்டில் தைலத்துக்குப் பஞ்சமில்லை.

மகளை ஒத்திவைத்த அதே கல்லூரியில் இடம் கிடைத்த அவள் தோழிக்கும், அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் நன்றி. தெரு முழுக்க இனிப்புக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போயிருக்கலாம். இங்கிதம் என்று நினைத்துப் பலர் அப்படித்தான் செய்வார்கள். அவர்கள் மணியடித்து உள்ளே வந்து இனிப்பைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண், “எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, உன் முன்னால் எப்படி இருப்பது என்று தெரியவில்லை” என்று என் மகளிடம் நேராகவே சொல்லிவிட்டாள். பிறகு இருவரும் மாடிக்குப் போனார்கள். என்ன பேசினார்களோ, இனிப்புப் பெட்டி காலியாகிக் கீழே வந்தது.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் கணக்காளர் அண்ணனுக்கு. ஜனவரியில் இரண்டாவது எர்லி டிசிஷன் சுற்று ஒன்று உண்டு. மகனை அதில் போடலாமா என்று நாங்கள் பரபரத்தபோது அவர் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். அதுவும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே, கல்லூரிகள் தரும் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியிராது. ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருவர் கல்லூரியில் படித்தால் அரசின் கணக்கு முறையில் முன்பு ஒரு சலுகை இருந்தது. 2024-25 கல்வியாண்டு முதல் அதை எடுத்துவிட்டார்கள். சில தனியார் கல்லூரிகள் மட்டும் இன்னும் கணக்கில் கொள்கின்றன. இரட்டையரைப் பெற்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அன்று அவர் போட்ட கணக்குத்தான் மகனைப் பொதுச் சுற்றில் நிறுத்தியது. அவர் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார், அதனால் இதையாவது வாங்கிக்கொள்ளட்டும்.

விருந்துகளில் இன்னொரு பேச்சும் அடிபட்டது. நம் பிள்ளையின் இடத்தை யாரோ தட்டிப் பறித்துவிட்டார்கள் என்ற பேச்சு. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதற்கு 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகும் அது ஓயவில்லை. எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த இடம் எப்போது நம்முடையதாக இருந்தது? பிள்ளைகள் காதில் அது விழாமல் பேச்சைத் திருப்பிய நண்பர்களுக்கு நன்றி.

தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கு: பொங்கல் விழா நாடகத்தை எங்கள் பிள்ளைகள் இருவர் தலையிலும் கட்டினீர்கள். முப்பது குட்டிகளுக்கு வேட்டி கட்டிவிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு கல்லூரிகளின் பதில் வரும் இணையதளப் போர்ட்டலைத் திறந்து பார்க்க நேரமில்லை.

ஜூனில் பள்ளியின் பட்டமளிப்பு முடிந்ததும் வீட்டில் சாப்பாடு வைத்திருக்கிறோம். நாள் முடிவானதும் சொல்கிறேன். எல்லோரும் வர வேண்டும். காரின் பின்கண்ணாடியில் எந்தக் கல்லூரி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி.

அன்புடன்,
இரட்டையரின் அம்மா
எடிசன், நியூ ஜெர்சி