ஏவிய பிறகு என்ன ஆயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளித் தொலைநோக்கி ஏவப்படும் நாளில் முதல் பக்கத்தில் இடம் தரும் தங்கள் நாளிதழ், அது பின்னர் கண்டறிந்து சொல்வதற்கு உள்பக்கத்தில்கூட இடம் தருவதில்லை என்பது என் குறை. எக்ஸ் கதிர்களை நோக்கும் கருவிகளைத் தாங்கி, 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்தியாவின் அஸ்ட்ரோசாட்டுக்கும், 2024 புத்தாண்டு நாளில் சென்ற எக்ஸ்போசாட்டுக்கும் ராக்கெட் கிளம்பும் படத்தோடு செய்தி முடிந்துபோயிற்று.

வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதை அளக்கப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல், 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போயிருந்ததால் கரையிறங்க முடியாமல் ஆடும் கப்பலில் அந்த நாளைக் கழித்தார். எட்டு ஆண்டு காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியிலேயே கருவிகளை நிறுத்தியபோது மேகம் மறைத்துவிட்டது. எக்ஸ் கதிர்களைத் தேடுவோருக்கோ, மேகமற்ற வானமும் மூடிய வானம்தான். காற்று மண்டலமே அவற்றை உறிஞ்சிவிடுவதால் கருவியை அதற்கு மேலே கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை.

மார்கழியில் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் காண்போர் அறிந்த திருவாதிரை, ஏறக்குறைய 3,500 கெல்வின் வெப்பமுள்ள செந்நிறப் பெருமீன். 2019 இறுதியில் அது மங்கியபோது, வெடிக்கப் போகிறது என்று பரபரப்பாக எழுதினார்கள். எக்ஸ் கதிர் நோக்கில் பார்த்தால் அதிலிருந்து எதுவும் புலப்படுவதில்லை. அதன் அருகே ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நீலவெண் விண்மீன்களே அக்கதிர்களை உமிழ்பவை. அவற்றின் மேற்பரப்பு வெப்பம் 25,000 கெல்வினுக்கு மேல்.

1978-இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் தொலைநோக்கி இத்தகைய பெருநிறை விண்மீன்களிடமிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதைக் கண்டபோது வானியலாளர்கள் வியந்தார்கள். சூரியனில் மேற்பரப்புக்குக் கீழே புரளும் வாயு காந்தப்புலத்தை உண்டாக்கி, வெளிமண்டலத்தைச் சூடாக்கி, எக்ஸ் கதிர்களை எழச் செய்கிறது. பெருநிறை விண்மீன்களில் அப்படிப்பட்ட தடித்த அடுக்கு இல்லை. அவற்றின் கடும் ஒளியே வாயுவை நொடிக்கு 2,000 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்று சீராக வீசாததால், விரைந்து வருவது முன்னே மெதுவாகச் செல்வதன்மேல் மோதி, பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் சூடேறி, எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. 1999 முதல் இயங்கிவரும் சந்திரா தொலைநோக்கி, சீட்டா பப்பிஸ் என்னும் தென்வான விண்மீனின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம், அதாவது அலைநீளம் குறையும் பக்கம், சாய்ந்திருப்பதைப் பதிவுசெய்தது. நம்மை நோக்கி வரும் வாயுவின் கதிர்கள் வந்துசேர, மறுபுறம் விலகிச் செல்லும் வாயுவின் கதிர்களில் பெரும்பகுதியை இடையிலுள்ள காற்று விழுங்கிவிடுகிறது. எவ்வளவு விழுங்குகிறது என்பதை அளந்து, விண்மீன் ஆண்டுதோறும் இழக்கும் நிறையைக் கணக்கிட்டார்கள். முன்பு எண்ணியதைவிடக் குறைவாகவே வந்தது. விண்மீன் மடிந்தபின் எஞ்சுவது கருந்துளையா, நியூட்ரான் விண்மீனா என்பதை முடிவு செய்வதில் இந்த இழப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

ஏப்ரல் இரவில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று நேர் தெற்கே, அடிவானுக்குச் சுமார் 18 டிகிரி உயரத்தில் பார்த்தால் ஈட்டா கரினே இருக்கும் இடம் தெரியும். அங்கே ஒன்றையொன்று சுற்றும் இரு பெருநிறை விண்மீன்களின் காற்றுகள் மோதுகின்றன. ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை அவை மிக நெருங்கும்போது எக்ஸ் கதிர்கள் சட்டென வீழ்ந்து, சில வாரங்களுக்குப் பின் மீள்கின்றன. ஒரு சுற்றைத் தவறவிட்டால் ஐந்தரை ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை தொலைநோக்கி உயிரோடு இருக்கவும் வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திராவுக்கான நிதியைப் பெருமளவு குறைக்க 2024-இல் நாசா முன்மொழிந்து, வானியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்களே, அந்தப் பெயருக்காகப் பெருமைப்படும் நம் தமிழ் நாளிதழ்கள் அதை எத்தனை வாசகர்களிடம் கொண்டுசேர்த்தன?

அஸ்ட்ரோசாட், சந்திரா ஆகிய இரண்டின் பதிவுகளும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் யாரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைக்கப்படுகின்றன. கடலூரிலோ புதுச்சேரியிலோ இயற்பியல் படிக்கும் மாணவர், ஒரு கணினியும் வழிகாட்ட ஒரு பேராசிரியரும் இருந்தால், மேற்சொன்ன விண்மீன்களில் ஒன்றையே தம் முதுநிலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆகவே மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கி, விண்ணில் இயங்கும் தொலைநோக்கிகள் அம்மாதம் எதைக் கண்டன, அப்பதிவுகளை எங்கே, எப்படிப் பெறலாம் என்பதைத் துறை அறிந்தவர்களைக் கொண்டு எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.