இரண்டாவது பேட்டரி வைப்பவர்கள் ஃபியூஸையும் வைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிக்கொண்டிருந்த வண்டி தீப்பிடித்து எரிந்தது என்று செய்தி போடும்போதெல்லாம் 'மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது' என்று கடைசி வரியில் முடித்துவிடுகிறீர்கள். எந்த வயர், யார் இழுத்தது, அதில் ஃபியூஸ் இருந்ததா என்று கேட்க ஆளில்லை. நான் உச்சிப்புளிப் பக்கம் வண்டிக்கும் வள்ளத்துக்கும் வயரிங் பார்த்துப் பிழைக்கிறவன், அதனால் எனக்கு அந்தக் கேள்விகள்தான் முதலில் வரும். இப்போது நம் ராமநாதபுரம் கடற்கரையில் ஜீப், தார், கூர்க்கா, கேம்பர் வைத்திருக்கிறவர்கள் இரண்டாவதாக ஒரு பேட்டரி மாட்டிக்கொள்வது கூடிக்கொண்டே போகிறது. மாட்டட்டும், அதில் தப்பே இல்லை. மாட்டுகிற லட்சணத்தைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறவர் ஃபியூஸ் என்றதும் "அது எதுக்குண்ணே, 12 வோல்ட்தானே" என்கிறார்.

தேவை நியாயமான தேவைதான். மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் இறால் பண்ணைக்கு ராத்திரிக் காவல் போகிறவருக்கு விளக்கு வேண்டும், கணவாய் எடுக்கிற வியாபாரி வண்டிக்குள் சின்ன ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார், வெளியூர்ப் பிள்ளைகள் அரியமானில் கூடாரம் போட வருகிறார்கள், மணலில் இறங்க டயர் காற்றைக் குறைத்துவிட்டுத் திரும்ப ரோட்டுக்கு வந்ததும் ஏற்றுவதற்குக் கம்ப்ரஸர் வைத்திருக்கிறார்கள். (மணலில் இறங்குகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆமை ஏறி முட்டையிடுகிற கரை இது, அந்தக் காலத்தில் தயவுசெய்து வண்டியை ரோட்டிலேயே நிறுத்துங்கள்.) இதெல்லாம் வண்டியோடு வந்த பேட்டரியில் ஓடாது. அது செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதற்கென்று செய்தது, மெல்லிய தகடுகள், சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. 60 வாட் ஃப்ரிட்ஜ் ஓடும் நேரத்தில் 5 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் ராத்திரி பத்து மணி நேரத்தில் 25 ஆம்பியர்-அவர் போய்விடும். இப்படி மெதுவாக, ஆழமாக வடிக்க வடிக்க அந்தத் தகடுகள் கெட்டுப்போகும். தடித்த தகடு உள்ள டீப் சைக்கிள் பேட்டரியைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் சரி.

சரி, மாட்டுகிறார்கள். எப்படி? பழைய பேட்டரியின் ப்ளஸ்ஸிலிருந்து புது பேட்டரியின் ப்ளஸ்ஸுக்கு ஒரு வயர், மைனஸைப் பாடியில் ஒரு போல்ட்டில், வேலை முடிந்தது. நிரம்பின தொட்டியையும் வற்றின தொட்டியையும் குழாய் போட்டு இணைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும், ஒன்று இறங்க இறங்க மற்றதும் சேர்ந்து இறங்கும். காலையில் செல்ஃப் எடுக்காது. மூக்கையூர்க் கரையில் விடிகாலையில் இரண்டு பேட்டரியும் செத்து நிற்கிற வண்டிக்கு, ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் இதே கதிதான், கூட ஒன்று வாங்கின காசு தண்டம்.

ஆகவே நடுவில் பிரிக்கிற ஒன்று வேண்டும். சாவி போட்டால் சேர்ந்து, சாவி எடுத்தால் பிரிகிற ரிலே (தானே இயங்குகிற சுவிட்ச்) மலிவான வழி, ஆனால் தொடர்ந்து கரன்ட் தாங்குகிற ரிலேயாக இருக்க வேண்டும், சில விநாடிக்கு மட்டும் வேலை செய்கிற செல்ஃப் மோட்டார் சொலினாய்டைக் கொண்டுவந்து மாட்டினால் காயில் சூடேறிப் போய்விடும். அதைவிட வோல்டேஜ் பார்த்துச் சேர்கிற ரிலே நல்லது. இன்ஜின் ஓடி வோல்டேஜ் சுமார் 13.3-க்கு ஏறினதும் சேரும், 12.8 பக்கம் இறங்கினதும் பிரியும், டிரைவர் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். கரன்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடு வைத்துப் பிரிப்பதும் உண்டு, அதில் 0.6, 0.7 வோல்ட் வழியிலேயே தொலையும் என்பதால் நான் போடுவதில்லை. பிஎஸ்-6 (புது மாசு விதிப்படி வந்த) வண்டிகள் சிலவற்றில், இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் ஆள்கிறது, அது நினைத்தால் வோல்டேஜை 13-க்குக் கீழே இறக்கிவிடும், அப்போது இந்த ரிலேயும் பிரிந்துபோகும், பின்னால் வைத்த இரண்டாவது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. அந்த வண்டிக்கும், லித்தியம் பேட்டரி வைக்கிற எந்த வண்டிக்கும், வோல்டேஜையும் கரன்டையும் தானே சரிப்படுத்தி ஏற்றுகிற டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். லித்தியத்தை நேரடியாக இணைத்தால் அது கிடைத்த கரன்டையெல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடேறியே போய்ச் சேரும்.

இப்போது ஃபியூஸ். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

12 வோல்ட் கையில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. அதனால்தான் யாரும் அதை மதிப்பதில்லை. ஷாக் அடிப்பது வோல்டேஜைப் பொறுத்தது, வயரைக் கொளுத்துவது கரன்ட். நல்ல நிலையில் இருக்கிற ஒரு லெட்-ஆசிட் பேட்டரியின் ப்ளஸ் வயர் பாடியில் பட்டால் ஆயிரம் ஆம்பியர் வரைக்கும், அதற்கு மேலும்கூட, பாயும். அதில் பாதி, 500 ஆம்பியர், 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) வயரில் ஓடினாலே இரண்டு விநாடியில் மேலே இருக்கிற பிவிசி உருகிவிடும், பக்கத்தில் டீசல் ஹோஸும் கம்பளமும் சீட் ஸ்பாஞ்சும் இருக்கின்றன, மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. வயர் பாடியில் எப்படிப் படும் என்று கேட்பார்கள். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஓட்டை போட்டு, ஓட்டை விளிம்பை மூடுகிற ரப்பர் கிராமெட் வைக்காமல் வயரை நுழைத்திருப்பார்கள். ரோட்டில் ஓடுகிற வண்டியிலேயே அது தேயும், உடைமரக் காட்டிலும் மணல் மேட்டிலும் குதித்துப் போகிற வண்டியில் சீக்கிரமே அறுத்துவிடும்.

ஃபியூஸ் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இதைத்தான் ஃபியூஸ் போடுகிறவர்களிலும் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஓடுகிற அந்த வயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. வழியில் எங்கே ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கரன்ட் பாயும். முன் பேட்டரி பக்கம் மட்டும் ஃபியூஸ் இருந்தால் அது போய்விடும், பின் பேட்டரி தன் பாட்டுக்குக் கொளுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பேட்டரியின் ப்ளஸ்ஸிலிருந்தும் ஒரு சாணுக்குள் ஒரு ஃபியூஸ். அளவை வயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், ஃப்ரிட்ஜையும் விளக்கையும் பார்த்து அல்ல. 25 ஸ்கொயர் வயர் போட்டால் 100 ஆம்பியர் போடலாம். போல்ட் போட்டு இறுக்குகிற மிடி அல்லது ஏஎன்எல் வகை வாங்குங்கள். பழைய காலக் கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டர் இந்தக் கரன்டுக்கு ஆகாது. சாவியை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், இந்த வயரில் ராத்திரி பகல் எந்நேரமும் உயிர் இருக்கும்.

வயர் கனமும் முக்கியம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற வீட்டு வயரை இழுத்துவிடுகிறார்கள், அதன் பிவிசி 70 டிகிரிக்குச் செய்தது, இன்ஜின் பக்கம் தாங்காது. கணக்கும் உதைக்கும். பின்னால் இருக்கிற பேட்டரிக்குப் போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 40 ஆம்பியர் ஓடினால் 6 ஸ்கொயரில் 1.1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே விழும். முன்னால் 14.2 இருந்தாலும் பின்னால் 13 தான் கிடைக்கும், சார்ஜ் ஏறுவதற்குள் ஊர் வந்துவிடும். அதே தூரத்தை 25 ஸ்கொயரில் இழுத்தால் விழுவது 0.3 வோல்ட்கூட இல்லை. இன்னொன்று, கார் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையருக்கென்று விற்கிற மலிவான கிட் வயர்களில் பல உள்ளே அலுமினியம், மேலே மட்டும் செம்பு பூசியது. சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதுவும் நம் ஊரில். தனுஷ்கோடிக்கு ஒரு நாள் போய்வந்த வண்டியின் பேட்டரித் தலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் (ஆசிட் இருக்கும், வைக்காதீர்கள்). 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வருவதற்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும் ஆள் ஏற்றிப் போன ஜீப்புகளின் வயரை உரித்தால் செம்பு இழை பச்சையும் கறுப்புமாக வரும், வயர் முனையில் போல்ட் போடுகிற லக்கிலிருந்து உள்ளே ஒரு முழம் வரைக்கும் உப்பு ஏறியிருக்கும். ரோடு வந்துவிட்டதே தவிர காற்று அதே காற்றுதான். அதனால் இங்கே வெளியூர் வீடியோவைப் பார்த்து மாட்டினால் போதாது. படகில் போடுகிற, வெள்ளீயம் பூசின செம்பு வயர் வாங்குங்கள். லக்கைச் சுத்தியலால் தட்டாமல் கிரிம்ப் டூல் வைத்து அமுக்கி, உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். எர்த் அடிக்கிற, அதாவது மைனஸைப் பாடியில் சேர்க்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று தகடு தெரிந்த பிறகு போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் கிரீஸோ பெயின்டோ பூசுங்கள். முடிந்தால் எர்த்தை நம்பாமல் மைனஸுக்கும் தனி வயரே இழுத்துவிடுங்கள், துருப்பிடித்த பாடியை நம்பி 40 ஆம்பியர் அனுப்புவது எனக்கு ஒத்துவராது.

வீட்டு இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரியைத் தூக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், நைலான் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல், வண்டி சாய்ந்தால் ஆசிட் கொட்டும், கவிழ்ந்தால் பின்னந்தலைக்கு வரும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு வெளியேறும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். கேபினுக்குள் வைப்பதானால் சீல் செய்த ஏஜிஎம் பேட்டரி, இரும்புத் தட்டு, பாடியில் போல்ட் போட்ட கிளாம்ப், இதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

இரண்டாவது பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போட்டு, பானெட்டுக்கு உள்பக்கம் 'இரண்டு பேட்டரி உண்டு, மற்றது சீட்டுக்கு அடியில்' என்று பெயின்டில் எழுதிவையுங்கள். புகை வந்தால் மெக்கானிக்கோ தீயணைப்பு வீரரோ முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக நிற்பார், பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. வேலை செய்யும்போதும் இரண்டிலும் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது மைனஸ் கடைசி.

உங்கள் நாளிதழில் வாகனப் பக்கம் வாராவாரம் வருகிறது, புது வண்டியின் கலரும் விலையும் எழுதுகிற இடத்தில் ஒரு வாரம் இதைப் போடுங்கள், மாவட்டத்து ஐடிஐ வாத்தியார்களுக்கும் உதவும். இரண்டு ஃபியூஸும் ரிலேயும் எங்கே வரும் என்று வயரிங் படம் நானே வரைந்து அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உச்சிப்புளி.