படிக்கட்டுக்கு கிரில் போட்ட நம் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், கமிட்டியில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன டிசம்பரில் நம் ஆலயத்தின் ரோட்டோரப் படிக்கட்டைச் சுற்றி இரும்பு கிரில் போட்டோம். அந்தச் செலவுக்கு நானும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை. பண்டிகைக்கு வெள்ளையடிக்கிற கணக்கில் சேர்ந்தது என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் படியில் ராத்திரி படுக்கிற பூக்காரப் பாட்டி, எதிரே மூடியிருந்த கடையின் ஷட்டரில் சாய்ந்து, சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வாசித்த வேதபாடம், இயேசு பிறந்தபோது சத்திரத்தில் இடமில்லாமல் போனதைப் பற்றியது.

குறை சொல்லத்தான் இந்த மடலா என்றால், பாதி அதற்குத்தான். அந்தப் பாதியில் என் ஐந்நூறு ரூபாயும் இருக்கிறது.

ஒன்றும் செய்யாத சபை என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. வருஷத்துக்கு மூன்று முறை பிரியாணிப் பொட்டலம், மழைக்கு முன்னால் போர்வை. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் நின்றுகொண்டே அத்தனை பொட்டலமும் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாம் கொடுக்கிற அதே நாளில் இன்னும் நாலு பேர் கொடுக்கிறார்கள். பண்டிகை நாளில் பிளாட்பாரத்தில் பிரியாணி மிஞ்சுகிறது. பாட்டியிடம் ஒருநாள் பேச்சுக்கொடுத்தபோது சொன்னார்: "சாப்பாடு எங்கயாச்சும் கெடைச்சிடும் தம்பி. சாப்பிட்டதுக்கு அப்புறம் எங்க போறது?" எனக்குச் சட்டென்று புரியவில்லை. கழிப்பறையைச் சொல்கிறார் என்று புரிந்தபோது வெட்கமாக இருந்தது. இருட்டும்வரை அடக்கிக்கொள்வதற்காக, சாயங்காலம் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். கட்டணக் கழிப்பறைக்கு ஒரு தடவைக்குக் கொடுக்கிற காசு நமக்குச் சில்லறை. முழம் போட்டுப் பூ விற்கிறவருக்கு, நாலு பேர் இருக்கிற குடும்பத்துக்கு, நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வடசென்னைப் பிளாட்பாரங்களில் இருப்பவர்கள் நேற்று ரயிலேறி வந்தவர்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, பேரன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி மிதிக்கிறார்கள், பழைய பேப்பர் பொறுக்குகிறார்கள், வீட்டுவேலைக்குப் போகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரி தெருத்தெருவாகப் போய் எண்ணியபோது, நாடு முழுக்க வீடில்லாதவர்கள் 17.7 லட்சம் பேர். ராத்திரி எண்ணுகிற கணக்கில் எத்தனை பேர் விட்டுப்போவார்கள் என்பது நம் தெருவில் ஒருநாள் பத்து மணிக்கு மேல் நடந்தாலே தெரியும்.

"அதற்குத்தான் மாநகராட்சி காப்பகம் நடத்துகிறதே" என்று போன கூட்டத்தில் ஒரு அண்ணன் சொன்னாராம். உண்மைதான். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது; சென்னையிலும் காப்பகங்கள் நடக்கின்றன. ஆனால் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று இருக்கிற இடத்தில் ஒரு குடும்பம் எப்படிச் சேர்ந்து படுக்கும்? விடியுமுன் பூ எடுக்க மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவர் ஊரின் இன்னொரு கோடியில் போய் எப்படித் தூங்குவார்?

அண்ணனின் பதில் புதிதும் இல்லை. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பேராயராக இருந்த யோவான் கிறிசோஸ்தோமுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. சபைதான் சத்திரம் நடத்துகிறதே, நாங்கள் எதற்கு என்று ஜனங்கள் கேட்டார்கள். அவர் விடவில்லை. அவனவன் வீட்டில் ஒரு அறை ஒதுக்கி, கட்டிலும் மேசையும் விளக்கும் வைத்து, அதற்குக் கிறிஸ்துவின் அறை என்று பெயர் வையுங்கள் என்றார். அவர் காலத்து ஜனங்கள் சபையைக் கைகாட்டினார்கள், நாம் மாநகராட்சியைக் கைகாட்டுகிறோம்.

அவ்வளவு பெரிதாகக் கேட்க எனக்கே தைரியம் இல்லை. என் வீட்டிலும் அப்படி ஒரு அறை கிடையாது. கார் ஷெட் பக்கம் இருக்கிற இரண்டு கழிப்பறைகளையும் குழாயையும் காலை 5 மணியிலிருந்து 7 மணிவரையும், ராத்திரி 8 மணியிலிருந்து 10 மணிவரையும் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கிரில்லுக்கு ஒரு கதவு வைத்து, ராத்திரி அதைத் திறந்துவையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கல்யாண புக்கிங் இல்லாத மழை ராத்திரிகளில் ஹாலையும் கொடுக்கலாம். கடிதம் வர முகவரி இல்லாதவர்களுக்கு "மேற்பார்வை" (C/o) என்று போட்டு ஆலய முகவரியைக் கொடுத்தால், நமக்கு ஆகிற செலவு ஒரு அலமாரித் தட்டு.

இதெல்லாம் எங்கேயும் நடக்காதது இல்லை. ரோமில் புனித பேதுரு பேராலயத் தூண்களுக்கு அருகிலேயே, வீடில்லாதவர்கள் குளிக்கவும் முடிவெட்டிக்கொள்ளவும் 2015இல் இடம் திறந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் புனித போனிபாஸ் ஆலயத்தில் 2004இல் தொடங்கி வருஷக்கணக்காக, வாரநாட்களில் தெருவோர மக்கள் பெஞ்சுகளில் படுத்துத் தூங்கினார்கள். அந்த வெளிநாட்டுப் பணமெல்லாம் நம்மிடம் இல்லை, சரி. நான் கேட்பதற்குத் தேவை ஒரு சாவிக்கொத்தும் ஒரு டின் பினாயிலும்.

திருட்டு பயம் நியாயமானதுதான். வெள்ளிப் பாத்திரம் ஆலயத்துக்குள் பூட்டில் இருக்கிறது, கழிப்பறையில் இல்லை. குடித்துவிட்டு வருவார்களே என்றால், வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் சனிக்கிழமை குடித்தவர்கள் வருகிறார்கள், நாம் வாசலில் யாரையும் மோந்து பார்ப்பதில்லை. சத்தம் போட்டால் வாட்ச்மேன் அண்ணன் இருக்கிறார், ஆனால் அவருக்குக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதை நம் காணிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.

ஈஸ்டருக்கு முன்னால் உபவாசம் இருக்கிற லெந்து காலத்தில் நாம் வாசிக்கிற ஏசாயா 58ஆம் அதிகாரத்தில், உபவாசம் எது என்கிற இடத்தில், "துரத்துண்ட சிறுமையானவர்களை வீட்டிலே சேர்த்துக்கொள்ளுகிறதும்" என்று வருகிறது. நாம் வீட்டில் சேர்க்கவில்லை என்பதோடு நிற்கவில்லை, படியிலிருந்தும் துரத்தியிருக்கிறோம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுங்கள். ஆள் கிடைக்காது என்று யாராவது சொன்னால், கழிப்பறை கழுவுகிற முறையில் செவ்வாயும் வெள்ளியும் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வாலிபர் சங்கத்தில் இரண்டு தம்பிகளிடம் பேசியிருக்கிறேன். ஒருவன் சரி என்றுவிட்டான், இன்னொருவன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினன்