லேண்ட் கார்டுகளைக் குறைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த கார்டு விளையாட்டுகள் பற்றிய கட்டுரையை நானும் என் மகனும் சேர்ந்து படித்தோம். இந்த விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் யாராவது எழுதமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் நாங்கள். அதனாலேயே மேஜிக்: த கேதரிங் பற்றிய பத்தியைப் படித்தபோது மனம் கேட்கவில்லை. இந்த விளையாட்டில் மற்ற கார்டுகளைப் போடத் தேவையான மானா என்ற சக்தியைத் தருபவை லேண்ட் கார்டுகள். அவை வெறுமனே இடத்தை அடைப்பவை, 60 கார்டு டெக்கில், அதாவது நாம் சேர்த்துக்கொண்டு ஆடும் கட்டில், 15 லேண்ட் போதும், மிச்சத்தைப் பூதங்களாலும் மந்திரங்களாலும் நிரப்பிக்கொள்ளலாம் என்கிறது அந்தப் பத்தி. இதை நம்பி டெக் கட்டும் பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும். ஏன் தோற்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போது கையில் 7 கார்டுகள். டெக்கில் 24 லேண்ட் இருந்தால், அந்த 7-இல் ஒரே லேண்டோ, ஒன்றுகூட இல்லாமலோ வரும் வாய்ப்பு 100-க்கு 14. அதுவே 15 லேண்ட் என்றால் 100-க்கு 43. ஏறக்குறைய இரண்டு ஆட்டத்தில் ஒன்று, தொடங்கும் முன்பே கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. முதலில் ஆடுபவர் தன் நான்காவது முறைக்கு வரும்போது 10 கார்டுகளைப் பார்த்திருப்பார். 24 லேண்ட் டெக்கில் அவற்றில் சராசரியாக 4 லேண்ட் இருக்கும். நான்காவது முறையில் நான்கு லேண்ட். 15 என்றால் சராசரி இரண்டரைதான். அனுபவசாலிகள் 24-ஐ ஒட்டியே நிற்பது இதனால்தான். புதுக் கார்டு பாக்கெட்டுகளைப் பிரித்து அங்கேயே கட்டும் 40 கார்டு டெக்கில் 17 வைப்பார்கள்.

கட்டுரையில் லேண்ட் எப்படி வேலை செய்கிறது என்பதே சரியாக வரவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்த இந்த விளையாட்டில் ஐந்து நிறங்கள். சமவெளி வெள்ளை மானா தரும், தீவு நீலம், சதுப்பு நிலம் கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை. ஒரு முறைக்கு ஒரு லேண்ட்தான் கையிலிருந்து இறக்கலாம். இறக்கியது மேசையிலேயே இருக்கும். மானா வேண்டும்போது அதைப் பக்கவாட்டில் திருப்பி டேப் செய்கிறோம். நம் அடுத்த முறை தொடங்கும்போது எல்லாம் நிமிர்ந்துவிடும். எடுத்த மானாவை உடனே செலவழித்துவிட வேண்டும், சேர்த்துவைக்க வழியில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது, நிறமும் பொருந்த வேண்டும். செர்ரா ஏஞ்சல் என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும் தேவதை, தாக்குதல் 4, தாங்குதிறன் 4. விலை ஐந்து மானா, அதில் இரண்டு வெள்ளையாக இருந்தாக வேண்டும். உங்கள் முன் நான்கு காடும் ஒரு சமவெளியும் இருக்கின்றன. மொத்தம் ஐந்து, ஆனாலும் ஏஞ்சல் இறங்காது. இன்னொரு சமவெளி வரும்வரை கையிலேயே கிடக்கும். இரண்டாவது நிறத்தைச் சேர்க்கும் எவரும் கொடுக்கும் விலை இது. நல்ல கார்டுகளையெல்லாம் ஐந்து நிறத்திலிருந்தும் அள்ளிப் போட்டுக்கொள்ள முடியாதபடி தடுப்பது லேண்ட்தான். அந்தத் தடை இல்லையென்றால் எல்லோருடைய டெக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2005-இல் ராவ்னிகா தொகுப்பில் வந்த இரு நிற லேண்டுகள்கூட இலவசமில்லை: இரண்டு உயிர்ப்புள்ளி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப் ஆன நிலையில்தான் இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. லேண்டுகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கின்றன. எதிரில் இருப்பவர் தன் முறையில் ஒன்றும் செய்யாமல் இரண்டு தீவுகளை நிமிர்த்தி வைத்தபடி ஆட்டத்தை என்னிடம் தருகிறார். இரண்டு நீல மானா இருந்தால் நான் போடும் மந்திரத்தைக் கவுன்டர்ஸ்பெல் என்ற கார்டைப் போட்டு அவர் ரத்து செய்துவிடலாம். அது அவர் கையில் இருக்கிறதா, இருப்பதுபோல் காட்டுகிறாரா? கையிலுள்ள சிறந்த கார்டை இப்போது போடுவதா, சிறியதொன்றைப் போட்டு ஆழம் பார்ப்பதா? ஒரு மந்திரமும் போடாமலே அந்த இரண்டு தீவுகள் என்னைத் தடுத்து நிறுத்துகின்றன. இதையா இடத்தை அடைப்பவை என்பது?

லேண்டே வராமல் தவிப்பதும், லேண்டாகவே வந்து குவிவதும் வேதனைதான், மறுக்கவில்லை. என் மகன் அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் விதிகள் இதைக் கவனித்தே மாறிவந்திருக்கின்றன. 2019 முதல், கை சரியில்லை என்று மாற்றினால் மறுபடியும் முழுதாக 7 கார்டு எடுக்கலாம். எத்தனை தடவை மாற்றினோமோ அத்தனை கார்டுகளை டெக்கின் அடியில் வைத்துவிட வேண்டும். எதைத் தள்ளுவது என்பது நம் கையில் இருப்பதால், முன்பு ஆட்டத்தையே விட்டுக்கொடுத்த இடங்களில் இப்போது போராட முடிகிறது.

பிற விளையாட்டுகள் இதைத் தீர்த்துவிட்டன என்கிறார் கட்டுரையாளர். தீர்த்த விதம் வேறு, கொடுத்த விலையும் வேறு. ஹார்த்ஸ்டோனில் முறைக்கு ஒரு மானா தானாகவே கூடிப் பத்தில் நிற்கும். தவிப்பு இல்லை, ஆனால் எதிராளியிடம் எந்த முறையில் எவ்வளவு மானா இருக்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். போக்கிமானில் எனர்ஜி கார்டை ஒரு போக்கிமானுக்கே மாட்டுகிறோம், அது வீழ்ந்தால் எனர்ஜியும் கூடவே போகும். 2023-இல் வந்த லோர்கானாவில் மைக்குறி உள்ள எந்தக் கார்டையும் கவிழ்த்து வைத்து வளமாக்கிக்கொள்ளலாம். இது எனக்கும் பிடித்த ஏற்பாடு. ஆனால் அங்கே வலி வேறு மாதிரி: பின்னால் தேவைப்படும் நல்ல கார்டை இப்போதே பலி கொடுக்க வேண்டியிருக்கும்.

எது உயர்ந்தது என்று நான் வாதிட வரவில்லை. மேஜிக்கை அறிமுகப்படுத்தும்போது அதன் அடித்தளத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். மற்ற கார்டுகளில் ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது, சமவெளி, தீவு போன்ற அடிப்படை லேண்ட் மட்டும் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற விதியும் கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. அடுத்த இதழில் 15 என்பதை 24 என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன். விடுமுறை தொடங்கப்போகிறது, கட்டுரையைப் பார்த்து டெக் கட்ட உட்காரும் பிள்ளைகளுக்கு அது அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி