ஏசா மட்டும்தான் குற்றவாளியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார ஆன்மிகப் பக்கத்தில் பைபிளில் வரும் அண்ணன் ஏசா, தம்பி யாக்கோபு கதையை எழுதியவர், கூழுக்கு மூத்த மகன் உரிமையை விற்ற முட்டாள் என்று ஏசாவைச் சொல்லி, ஆசையை அடக்குங்கள் என்று நமக்கும் புத்தி சொல்லி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களிலும் ஏசாவுக்குப் பெரும்பாலும் இதே கதிதான். நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். எனக்கு இந்தக் கதையில் வாங்கியவன்தான் முதலில் உறுத்துகிறான்.

வெளியில் அலைந்துவிட்டுக் களைத்து வருகிறான் அண்ணன். அடுப்பில் பயற்றங்கூழ் கொதிக்கிறது. கொஞ்சம் கொடு என்கிறான். கூடப்பிறந்தவன் கேட்டால் ஊற்றிக் கொடுப்பதுதானே முறை? யாக்கோபு சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய பங்கை, விலையாகக் கேட்கிறான். வாய்ச்சொல் போதாதென்று ஆணையும் இடச் சொல்கிறான். அந்தப் பாகம் லேசுப்பட்டதல்ல. பிற்பாடு பைபிளின் உபாகமப் புத்தகத்தில் 21-ஆம் அதிகாரச் சட்டத்தில், மூத்தவனுக்கு இரண்டு பங்கு என்றே இருக்கிறது. பசியோடு நிற்பவனிடம் கையெழுத்து வாங்கிய விடுதலைப் பத்திரம் இது, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற பத்திரம். ஏசா தன் உரிமையை அலட்சியம் பண்ணினான் என்று வேதமே சொல்கிறது, மறுக்கவில்லை. அதற்காக யாக்கோபு கேட்டது நியாயமாகிவிடுமா?

பெற்றோரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அப்பா ஈசாக்குக்கு வேட்டைக் கறி ருசி, அதனால் மூத்தவன்மேல் பட்சம், அம்மா ரெபெக்காளுக்கு இளையவன்மேல். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 25:28 இதை ஒளிக்காமல் சொல்கிறது. மூத்தவன் காட்டுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, மூத்தவனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்க, கண் மங்கிய கிழவர் முன்னால் அண்ணனின் உடுப்பில் வந்து நிற்கிறான் தம்பி. கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக்குட்டித் தோல். சுற்றிவிட்டவள் தாய். 'சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்' என்று சந்தேகப்பட்டும் கிழவர் ஆசீர்வதித்துவிடுகிறார். பிறகு மாற்ற வழியில்லை. 'இந்த ஒரே ஆசீர்வாதம் மாத்திரமா உம்மிடத்தில் உண்டு?' என்று ஏசா சத்தமிட்டு அழுகிற இடத்தைப் படித்தபின் அவனை முட்டாள் என்று எழுத எனக்குக் கை வராது.

மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று கடவுளே முன்கூட்டிச் சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார். ஆட்டுத்தோல் போர்த்திக்கொள் என்று சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

இத்தனை பாடுபட்டு யாக்கோபு அனுபவித்தது என்ன? அண்ணனின் கோபத்துக்குப் பயந்து கோலும் கையுமாய் ஓடுகிறான். சில நாள் மாமன் வீட்டில் இரு என்று தாய் அனுப்பியது இருபது வருஷமாகிறது. ரெபெக்காள் அந்த மகனை மறுபடி பார்த்ததாக ஆதியாகமத்தில் எங்கும் இல்லை. மாமன் லாபானோ இளைய மகள் ராகேலைக் காட்டி மூத்தவள் லேயாளைக் கட்டிவைக்கிறான். கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறான்! யாக்கோபிடமா இதைச் சொல்வது? வயதான காலத்தில் அவன் பிள்ளைகளே தங்கள் தம்பி யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து, யோசேப்பு செத்துப்போனான் என்று அவனை நம்பவைத்து ஏமாற்றுகிறார்கள்.

ஏசாவின் பெருமை தெரிவது ஆதியாகமம் 32, 33-ஆம் அதிகாரங்களில். நானூறு பேருடன் அண்ணன் வருகிறான் என்று கேட்டதும் யாக்கோபுக்கு உயிரே போய்விடுகிறது. இருநூறு வெள்ளாடு, இருநூறு செம்மறி, கடாக்கள், பால் கொடுக்கிற முப்பது ஒட்டகம், நாற்பது பசு, காளைகள், கழுதைகள் என்று ஐந்நூறுக்கு மேற்பட்ட உருப்படிகளை மந்தை மந்தையாக முன்னே அனுப்புகிறான். ஏழுதரம் தரையில் விழுந்து கும்பிடுகிறான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறான். 'எனக்குப் போதுமானது இருக்கிறது. உன்னுடையது உனக்கு இருக்கட்டும்' என்கிறான். பங்கு பிரிக்க வந்த எத்தனையோ பேருக்குப் பத்திரம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வாசகத்தை ஒருவரும் எழுதச் சொன்னதில்லை.

அதற்காக அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் கூடி வாழவில்லை. அண்ணன் இருக்கும் சேயீருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு யாக்கோபு சுக்கோத்துக்குப் போய்விடுகிறான். பழைய புத்தியா, பயமா, யார் கண்டது? ஆனால் ஈசாக்கு நூற்றெண்பது வயதில் இறந்தபோது அடக்கம் பண்ணியவர்கள் இரண்டு பேரும்தான். இன்றைக்குச் சொத்து வழக்கு நடக்கிற வீடுகளில் இது நடந்தாலே பெரிய காரியம்.

உங்கள் கட்டுரையாளர் 27-ஆம் அதிகாரத்தோடு நின்றுவிட்டார். அடுத்த வாரம் 33-ஐயும் வெளியிடுங்கள். மொத்தமே இருபது வசனம்தான், அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர்,
பாளையங்கோட்டை.