எட்டு அணைக்கட்டு, ஒரே லாக்: நெல்லை வட்டாரப் பைத்தான் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் பைத்தான் லேப் எடுக்கும் ஆசிரியர்கள், இறுதியாண்டு ப்ராஜெக்ட் வழிகாட்டிகள்

அன்புடையீர், வணக்கம்.

ப்ராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடும்போது புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்கிறீர்கள். அது ஓடாமல் நிற்கும்போது என்ன சொல்லிவிட்டு நிற்கிறது என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் புரோகிராமில் லாக் வரியும் (புரோகிராம் தான் செய்வதை எழுதிவைக்கும் பதிவு) எரர் மெசேஜும் படிக்கும்படி இல்லையென்றால், பிழையைத் திருத்துவது இருக்கட்டும், அது எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும்.

நம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று 8 அணைக்கட்டுகள். ஒவ்வொன்றின் நீர்மட்டமும் தனித்தனி சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர் ஒரு த்ரெட் பூல் (ஒரே புரோகிராமுக்குள் வேலைகளைப் பகிர்ந்து செய்யும் த்ரெட்களின் குழு) போட்டு 8 ஃபைலையும் சேர்ந்தாற்போல் வாசிக்கிறார். ஒவ்வொரு வேலையும் தொடங்கும்போது ப்ரின்ட் செய்கிறது. திரையில் இப்படி வரலாம்:

மருதூர் தொடங்கியதுசுத்தமல்லி தொடங்கியது

பழவூர் தொடங்கியது

முதல் வரியில் இரண்டு செய்தி ஒட்டிக்கொண்டன; அடுத்த வரி வெறுமை. ப்ரின்ட் செய்தியை ஒரு தடவையும் வரிமுடிவை இன்னொரு தடவையும் எழுதுகிறது. அந்த இடைவெளியில் அடுத்த த்ரெட் புகுந்துவிடுகிறது. பைத்தானோடு வரும் லாகிங் மாட்யூலிலோ ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் (பதிவைத் திரையிலோ ஃபைலிலோ எழுதும் பகுதி) ஒரு பூட்டு உண்டு. ஒரு பதிவு முழுதாக எழுதி முடிந்த பிறகுதான் அடுத்தது உள்ளே வரும். த்ரெட் பாடம் தொடங்கும் நாளிலேயே ப்ரின்ட்டை விடச் சொல்லுங்கள். (பதிவையும் பூட்டையும் தமிழில் ‘லாக்’ என்றே எழுதிவிடுகிறோம். இந்த மடலில் லாக் என்றால் பதிவுதான். வகுப்பிலும் பூட்டைப் பூட்டு என்றே சொன்னால் குழப்பம் இராது.)

வரி கலக்காமல் வந்துவிட்டால் மட்டும் போதாது. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நாலு கண்டக்டர்கள் ஒன்றாகக் கூப்பிடும்போது குரல் தெளிவாகக் கேட்டாலும், எந்தக் குரல் எந்த வண்டிக்கு என்று தெரிந்தால்தானே ஏற முடியும்? இதற்காகப் பலர் ஃபார்மேட்டில் (லாக் வரியின் அமைப்பில்) த்ரெட் பெயரைச் சேர்க்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் அது வேலை செய்பவரின் பெயர், வேலையின் பெயர் அல்ல. பூலில் ஒரு த்ரெட் கன்னடியனை முடித்துவிட்டு அடுத்த நிமிடமே மருதூரை எடுக்கும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுத்து, அதைக் கான்டெக்ஸ்ட் வேரியபிளில் (ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கெனத் தனி மதிப்பு வைத்துக்கொள்ளும் மாறி) வைக்க வேண்டும். பைத்தான் 3.7 முதல் இந்த வசதி உண்டு. வேலை தொடங்கும்போது எண்ணை வைத்து, முடியும்போது ஃபைனலி பகுதியில் (பிழை வந்தாலும் ஓடும் பகுதி) பழையபடி மாற்றிவிட வேண்டும். மாற்ற மறந்தால் அந்த எண் த்ரெட்டிலேயே தங்கி, அடுத்து வரும் வேலையின் வரிகளில் பொய்யாக ஒட்டிக்கொள்ளும். எண்ணே இல்லாத லாக்கைவிடத் தப்பான எண் உள்ள லாக் கேடானது.

அந்த எண்ணைப் பதிவில் ஏற்றுவது ஒரு ஃபில்டரின் வேலை. அந்த ஃபில்டரை லாகரில் (புரோகிராம் பதிவைக் கொடுக்கும் இடம்) மாட்டினால், கீழ்நிலை லாகர்களிலிருந்து மேலேறி வரும் பதிவுகளுக்கு அது பொருந்தாது. ஃபார்மேட்டில் கேட்ட எண் பதிவில் இல்லாததால், லாக் வரிக்குப் பதில் ‘லாகிங் எரர்’ என்ற புலம்பல்தான் திரையில் வரும். ஃபில்டரை ஹேண்ட்லரில் மாட்டச் சொல்லுங்கள். வெளி லைப்ரரிகளின் வரிகளுக்கும் எண் கிடைத்துவிடும்.

அடுத்தது, சத்தமே போடாமல் மறையும் பிழைகள். வேலையைப் பூலுக்குச் சப்மிட் செய்துவிட்டு ரிசல்ட்டைக் கேட்காமல் விட்டால், வேலைக்குள் வெடித்த எக்ஸ்செப்ஷன் (பைத்தான் எறியும் பிழை) ஃப்யூச்சருக்குள்ளேயே (முடிவு பின்னால் வந்து சேரும் பொருள்) கிடக்கும். திரையில் ஒரு எழுத்தும் வராது. 8 ஃபைலில் 7 தான் வாசிக்கப்பட்டது என்பது அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருக்கும்போதுதான் தெரியவரும். சப்மிட்டுக்குப் பதில் எல்லா வேலையையும் ஒன்றாகக் கொடுக்கும் மேப் பயன்படுத்தினால் வேறொரு தொல்லை: முதல் பிழை வந்த இடத்திலேயே சுற்று நின்றுவிடும், அதற்குப் பின்னால் உள்ள நல்ல முடிவுகளும் கைக்கு வராது. ஒவ்வொரு ஃப்யூச்சரையும் தனித்தனி ட்ரைக்குள் கேட்பதுதான் சரி.

கேட்டதும் வருவது என்ன? வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று ஒரு வேல்யூ எரர். எந்த அணைக்கட்டு, எந்த வரி என்று அதில் ஒன்றும் இருக்காது. ட்ரேஸ்பேக் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) புரோகிராம் கோடின் வரியைக் காட்டும், தரவின் வரியைக் காட்டாது. எட்டு வேலைக்கும் கோடு ஒன்றே என்பதால் எட்டு ட்ரேஸ்பேக்கும் ஒன்றுபோலவே இருக்கும். இதற்கு 3.11 பதிப்பில் ஆட் நோட் வந்தது. எக்ஸ்செப்ஷனைப் பிடித்து, “அணைக்கட்டு 7, வரி 214” என்று ஒரு குறிப்பை ஒட்டி, திரும்ப எறிந்தால், ட்ரேஸ்பேக்கின் அடியில் அந்தக் குறிப்பு வரும். பிழையின் வகை மாறாது.

லாக் வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

10:42:07,318 | எரர் | 7 | அணை_2 | நீர்மட்டம் எண்ணாக இல்லை: கிடைத்தது '', வரி 214; மருதூரை விட்டுவிட்டு மற்றவை தொடர்கின்றன

இதில் 7 என்பது வேலை எண், அணை_2 என்பது த்ரெட்டின் பெயர். செய்தியில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். கிடைத்த மதிப்பு மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. சதவீதக் குறியோடு எஸ் போடாமல் ஆர் போட்டால் இப்படி வரும். குறி இல்லாவிட்டால் வெற்றுச் சரமும் இடைவெளியும் கண்ணுக்கே தெரியாது. எதிர்பார்த்தது என்ன என்பதும் அதே வரியில் இருக்கிறது. கடைசிப் பகுதியைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம்: பிழைக்குப் பிறகு புரோகிராம் என்ன செய்தது? மருதூரைத் தள்ளிவிட்டுப் போனதா, மறுபடி முயன்றதா, மொத்தமாக நின்றதா? இரவில் லாக்கைப் பார்ப்பவர் அடுத்து என்ன செய்வது என்பது அந்தச் சில சொற்களில்தான் இருக்கிறது.

ட்ரேஸ்பேக் பல வரிகளில் வரும். 7 என்று தேடினால் முதல் வரி மட்டும் அகப்படும். ஃபார்மேட்டரில் ஒரு சின்ன மாற்றம் செய்து, தொடரும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அதே எண்ணையும் ‘|’ குறியையும் போட்டுவிட்டால், ஒரே தேடலில் முழுக் கதையும் கைக்கு வரும்.

தமிழில் லாக் எழுதும் மாணவர்களுக்கு இதுவும் தெரிய வேண்டும். பத்திகளை நேராக்க அகலம் கொடுத்தால் பைத்தான் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. நாம் பார்க்கும் எழுத்துகளை அல்ல. ‘மருதூர்’ நமக்கு 4 எழுத்து, பைத்தானுக்கு 7. அகலத்தை நம்பினால் பத்திகள் கோணிக்கொண்டு நிற்கும். மாறாத அகலமுள்ள நேரத்தையும் எண்ணையும் முன்னால் வைத்து, தமிழ்ச் செய்தியைக் கடைசியில் வைத்து, நடுவே ‘|’ குறி போட்டுப் பிரிப்பதே வழி. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் ஒன்று மற்றொன்றைக் காணாது. அணைக்கட்டின் பெயரை நம்பாமல் எண்ணை வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபைல் ஹேண்ட்லருக்கு யுடிஎஃப்-8 என்று சொல்லிக் கொடுக்காவிட்டால், விண்டோஸ் லேப்களில் தமிழ் வரியை எழுதும் இடத்திலேயே எரர் வரும்.

த்ரெட்டை விட்டுப் பல ப்ராசஸ்களுக்கு (தனித்தனியாக ஓடும் புரோகிராம்களுக்கு) போனால் மேலே சொன்ன பூட்டு உதவாது. அது ஒரு ப்ராசஸுக்குள் மட்டும் காவல். பல ப்ராசஸ்கள் ஒரே ஃபைலை ரொட்டேட்டிங் ஹேண்ட்லரோடு (பழைய ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுப் புதியதைத் தொடங்குவது) திறந்தால், ஒன்று ஃபைலின் பெயரை மாற்றிவிடும், மற்றவை லினக்ஸில் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். விண்டோஸில் பெயர் மாற்றவே அனுமதி கிடைக்காது. ஒவ்வொரு ப்ராசஸும் க்யூ ஹேண்ட்லர் வழியாக ஒரு மல்டிப்ராசஸிங் க்யூவில் (ப்ராசஸ்களுக்குப் பொதுவான வரிசை) போட, அதிலிருந்து எடுத்து ஒரே ஒரு லிஸனர் ஃபைலில் எழுதட்டும். 3.2 முதல் இரண்டும் மாட்யூலிலேயே உள்ளன. வேலை எண்ணை ஏற்றும் ஃபில்டர் க்யூ ஹேண்ட்லர் பக்கம் இருக்க வேண்டும். லிஸனர் பக்கம் வைத்தால் அது தன் த்ரெட்டில் உள்ள எண்ணைப் படிக்கும். எந்த வரியிலும் சரியான வேலை எண் வராது.

அசிங்க்ஐஓ (ஒரே த்ரெட்டில் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் வசதி) பயன்படுத்துபவர்கள் அந்த வேலைகளான டாஸ்க்குகளுக்குப் பெயர் வைக்கட்டும், 3.12 முதல் அந்தப் பெயரை ஃபார்மேட்டிலேயே கேட்கலாம். டாஸ்க் குரூப்பில் ஒன்று விழுந்தால் மீதியெல்லாம் ரத்தாகும் என்பதையும் சொல்லிவையுங்கள். எட்டு முடிவும் வேண்டுமென்றால், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும் கேதரில் எக்ஸ்செப்ஷன்களையும் முடிவாகத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும்.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். விவாவின்போது ஏதாவது ஒரு சிஎஸ்வி ஃபைலில் ஒரு கட்டத்தை நீங்களே அழித்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். கோடைத் திறக்காமல், லாக்கை மட்டும் பார்த்து, எந்த அணைக்கட்டு, எந்த வரி, மற்ற ஏழும் முடிந்தனவா என்று 5 நிமிடத்தில் மாணவர் சொல்லட்டும். அதற்கு 100-க்கு 10 மதிப்பெண் ஒதுக்குங்கள். அடுத்த பருவத்து லேப் மேனுவல் அச்சுக்குப் போகுமுன் த்ரெட் பயிற்சியில் ப்ரின்ட் இருக்கும் இடங்களை மாற்றித் தர ஆள் வேண்டுமென்றால், எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, கங்கைகொண்டான் பக்கம் பைத்தான் வேலை பார்க்கும் சிலர்