மேப்பிள் பண்ணைச் சுற்றுலா: காசைத் திருப்பித் தரக் கோரும் புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

ஏப்ரல் 26 சனிக்கிழமை உங்கள் நிறுவனத்தின் மூலம் மொன் சென் கிரெகுவார் பக்கம் உள்ள மேப்பிள் பண்ணைக்குப் போய்வந்த 38 முதியவர்களின் சார்பில் எழுதுகிறேன். எல்லோரிடமும் காசு சேர்த்து உங்களிடம் கட்டியவன் நான்தான். இதுவரை மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன், இரண்டு தரம் நேரில் வந்தேன். எழுத்தில் தந்தால்தான் பார்ப்போம் என்று கடைசியாகச் சொன்னார்கள். சரி, எழுத்திலேயே தருகிறேன்.

மரத்தில் வாளி கட்டி நீர் எடுப்பதையும், விறகு அடுப்பில் அந்த நீரை இனிப்புப் பாணியாகக் காய்ச்சுவதையும் நேரில் பார்க்கலாம் என்று உங்கள் துண்டுப்பிரசுரத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் ஆளுக்கு 85 டொலர் கொடுத்தோம். முதலில் தந்த நாள் மார்ச் 29. பிறகு பஸ் கிடைக்கவில்லை என்று நீங்களாகவே ஏப்ரல் 26க்கு மாற்றினீர்கள். மாத முடிவு வரை பண்ணை திறந்திருக்கும், ஒரு வித்தியாசமும் இருக்காது என்றீர்கள்.

ஐயா, வருடாவருடம் இந்தச் சுற்றுலாவை விற்கிறவர்கள் நீங்கள். இரவில் பூச்சியத்துக்குக் கீழே போய், பகலில் நாலைந்து பாகை ஏறுகிற நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் நீர் ஓடும் என்று உங்களுக்குத் தெரியாதா? மொன்றியல் பக்கத்தில் அது ஏப்ரல் நடுப்பகுதியோடு அநேகமாக முடிந்துவிடும். மொட்டு விடத் தொடங்கினால் நீரின் ருசியே கெட்டுவிடும், பிறகு எடுக்க மாட்டார்கள். ஏப்ரல் கடைசியில் திறந்திருந்தது சாப்பாட்டு மண்டபம் மட்டும்தான்.

நாங்கள் போனபோது மரங்களில் ஒரு வாளி கூட இல்லை, துளைகள்தான் இருந்தன. காய்ச்சும் கொட்டில் பூட்டிக் கிடந்தது. கெஞ்சிக் கேட்ட பிறகு திறந்துவிட்டார்கள். அடுப்பில் சாம்பல் கூட இல்லை. எங்களோடு 84 வயது அம்மா ஒருவர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்து வடமராட்சியில், பனையில் இறக்கிய கருப்பணியைக் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றுகிற வீட்டில் வளர்ந்தவர். இந்த நாட்டுக்கு வந்து 30 வருடமாகியும் மேப்பிள் மரத்தில் நீர் சொட்டுவதை அவர் கண்டதில்லை. 40 லீற்றர் நீரை வற்றக் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாணி என்று நான் பஸ்ஸில் சொன்னபோது, "எங்கட பனங்கட்டிக்கு இவ்வளவு விறகு தேவையில்லை" என்று சிரித்துக்கொண்டு வந்தவர், அந்தப் பெரிய தாச்சியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது குளிர்ந்து கிடக்குது" என்றார். நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?

உங்கள் முன்மேசையில் இருக்கிற தம்பி எனக்குச் சொன்ன பதிலைக் கேளுங்கள். "பாணி கடையில போத்தலில இருக்குது. வயசு போன ஆக்களுக்கு எப்ப போனா என்ன, வெளிக்கிட்டது காணும்தானே." இப்படிச் சொன்னபோது அவர் கைத்தொலைபேசியில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு 71 வயது. முகாமையாளர் நிற்கிறார், வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டதே அவர்தான். மெற்றோவும் பஸ்ஸும் மாறி, மழைக்குள் ஒன்றரை மணித்தியாலம் அலைந்து வந்தால், முகாமையாளர் விடுமுறையாம். இருக்க ஒரு கதிரை கூடக் காட்டவில்லை. பண்ணையிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அங்கே என் பேத்தி பிரெஞ்சில் கதைத்தாள். திகதியை மாற்றியது உங்கள் நிறுவனம், அதற்குள் நீர் நின்றுவிடும் என்று தாங்கள் அப்போதே சொன்னோம் என்கிறார்கள். அப்படியென்றால் தெரிந்துகொண்டேதானே எங்களைக் கூட்டிப் போனீர்கள்!

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். எங்களில் 11 பேர் சைவம், முன்கூட்டியே எழுதித் தந்தேன். பட்டாணி சூப்பிலும் பன்றி, அவித்த அவரையிலும் பன்றிக் கொழுப்பு. கியூபெக் பண்ணைச் சாப்பாடு அப்படித்தான் என்பது எனக்கும் தெரியும், அதற்காகத்தானே எழுதித் தந்தேன். அந்தப் 11 பேரும் உருளைக்கிழங்கும் பாணும் தின்றுவிட்டு வந்தார்கள்.

மொத்தம் 3,230 டொலர். பென்சன் காசில் மிச்சம் பிடித்துத் தந்தது. எட்டு வருடமாகக் கட்டி வளர்த்த எங்கள் குழுவின் பெயரும் இந்த ஒரே நாளில் அழிந்துபோனது. இனி நான் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். பத்தாயிரம் தந்தாலும் இதற்கு ஈடாகாது.

முன்பு உங்களோடு நயாகரா போனோம், ஒரு குறையும் இருக்கவில்லை. அந்த மரியாதையில்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். முழுக் காசையும் திருப்பித் தாருங்கள், அல்லது வரும் மார்ச்சில் நீர் ஓடுகிற வாரத்தில் உங்கள் செலவில் எங்களைக் கூட்டிப் போங்கள். அந்தத் தம்பி அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முறையிடுவேன். உங்கள் பயண முகவர் அனுமதிப்பத்திரத்தைத் தருவதே அவர்கள்தான். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம்.

துண்டுப்பிரசுரம், பற்றுச்சீட்டு, சைவச் சாப்பாட்டுப் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்த முறையாவது நீங்களே வாசியுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் குழுப் பொறுப்பாளர்,
பார்க் எக்ஸ்டென்சன், மொன்றியல்